சுரங்க நிறுவனத்தின் கையிருப்பு எங்கே போனது? குடும்பம் ஒன்றின் பங்கு முதலீடு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்பகோணத்தில் கணக்கு, வரி ஆலோசனை செய்து வருகிறேன். 2025 மே மாதக் கடைசியிலிருந்து அந்த ஆண்டு நவம்பர் வரை ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த விவகாரம் இது. மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுத அவர்கள் சம்மதித்தார்கள். ஆட்களின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நிறுவனம் எது என்று பிடிபடாமல் இருக்க, கணக்கில் வரும் தொகைகளை எல்லாம் ஒரே விகிதத்தில் மாற்றி, முழு எண்ணாக்கித் தந்திருக்கிறேன். அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு அப்படியேதான் இருக்கிறது.

குடும்பத்தில் இரண்டு பேர் முக்கியம். அண்ணன் வலங்கைமான் பக்கம் ஒரு ஊரில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான், நானும் அப்படியே சொல்கிறேன். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் பாதிக்கு மேல் ஒரே ஒரு நிறுவனத்தின் பங்குகளில் போட்டிருந்தார். வட மாநிலங்களில் சுரங்கங்கள் வைத்திருக்கும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கனிம நிறுவனம் அது. ஆண்டுதோறும் டிவிடெண்ட் (லாபத்தில் பங்கு) தவறாமல் வந்தது. அதுதான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. தம்பி பத்து மா (மூன்று ஏக்கருக்குச் சற்று மேல்) நிலத்தில் சாகுபடி செய்பவர். அண்ணன் பேச்சைக் கேட்டு அதே நிறுவனத்தில் தன் சக்திக்கு ஏற்ற அளவு வாங்கியிருந்தார்.

தம்பியின் நிலைமையைச் சொன்னால்தான் பின்னால் எடுத்த முடிவு புரியும். 2024இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கப்படவில்லை. ஜூலைக் கடைசியில்தான் தண்ணீர் விட்டார்கள். பம்புசெட் இருந்தவர்கள் குறுவை போட்டார்கள். இவருக்குப் பம்புசெட் இல்லை, குறுவை போயிற்று. சம்பாவுக்கு நகையை அடகு வைத்தார். 2025 மே மாதத்தில் அந்த நகை இன்னும் மீட்கப்படவில்லை. மேட்டூரில் தண்ணீர் இருந்தது, இந்த முறை ஜூன் 12 தப்பாது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. நாற்றங்காலுக்கும் உழவுக்கும் உடனே பணம் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படம்

மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கான தணிக்கை செய்யப்பட்ட முடிவுகளைப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 60 நாட்களுக்குள், அதாவது மே 30க்குள் வெளியிட வேண்டும். இந்த நிறுவனமும் வெளியிட்டது. மறுநாள் காலையில் தம்பியின் மகன் சென்னையிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் அனுப்பினார். யாரோ எங்கோ போட்டது, அவர் அதை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறார். ஆண்டில் வந்த பணத்தையும் போன பணத்தையும் காட்டும் பணப்பாய்வு அறிக்கையின் ஒரு துண்டு. அதில் ஒரு வரியைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தது: நடப்பு முதலீடுகள் (குறுகிய கால முதலீடுகள்) வாங்கியது, வெளியே போன பணம் என்பதால் அடைப்புக்குறிக்குள் 6,200 கோடி. அதற்குக் கீழே இன்னொரு வட்டம்: ஆண்டுத் தொடக்கத்தில் ரொக்கம் 900 கோடி, ஆண்டு இறுதியில் 300 கோடி. ‘கம்பெனி காசையெல்லாம் எதிலோ கொட்டிவிட்டது, வெளியே வந்துவிடுங்கள்’ என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தது.

இருவரும் அன்று மாலையே என் அலுவலகத்துக்கு வந்தார்கள். தம்பி எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டுத்தான் வந்திருந்தார். வாத்தியார் அதிகம் பேசவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: “என் பேச்சைக் கேட்டுத்தான் சார் அவன் வாங்கினான். அவன் காசு போச்சுன்னா நான் எப்படி அவன் முகத்துல முழிக்கிறது?”

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டெல்டாவில் பணம் போட்டு ஏமாந்த குடும்பம் இல்லாத தெரு கிடையாது. வட்டி அதிகம் என்று நம்பி ஃபைனான்ஸில் போட்டு, ஒருநாள் காலையில் பூட்டின கதவைப் பார்த்தவர்கள் இங்கே நிறைய. ‘நிறுவனத்தின் ரொக்கம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது’ என்று கேட்டதும் அவர்கள் மனதில் வருவது அந்தப் பூட்டின கதவுதான்.

தம்பிக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு பக்கத்து நிலக்கரித் தொகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்த்தபோது டெல்டா முழுக்க எதிர்ப்பு கிளம்பி, ஏப்ரலில் அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அந்தப் போராட்டத்தில் அவரும் நின்றவர். “நம்ம வயல்ல சுரங்கம் வேண்டாம்னு நின்னுட்டு, இன்னொரு ஊரு சுரங்கத்துல பங்கு வச்சிருக்கோமேண்ணே” என்றார் அண்ணனிடம். நியாயமான கேள்வி. அதை மனசாட்சிப்படி அவர்தான் தீர்க்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவரை விற்கச் சொன்னது இந்தக் கேள்வி இல்லை, அந்தச் சிவப்பு வட்டம். இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

அறிக்கையில் பார்த்தது

படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பங்குச் சந்தைத் தளத்திலிருந்து முழு முடிவுகளையும் இறக்கி அச்செடுத்தேன். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். அடிக்கோல் வைத்து ஒவ்வொரு வரியாகக் கோடிட்டு வந்தார். படத்தில் இருந்த வரியைக் கண்டுபிடித்ததும் பேனா நின்றது. அதற்கு அடுத்த வரி: நடப்பு முதலீடுகளை விற்றது, 5,100 கோடி. இந்த வரியில் அடைப்புக்குறி இல்லை. உள்ளே வந்த பணம். வாட்ஸ்அப் படத்தை வெட்டியவர் சரியாக இந்த வரிக்கு மேலே வெட்டி, கடைசியில் வரும் ரொக்க வரிகளை அதன் கீழே ஒட்டியிருந்தார்.

ஆக 6,200 கோடி வெளியே போய் 5,100 கோடி திரும்பி வந்திருக்கிறது. நிகரமாக முதலீட்டுக்குப் போனது 1,100 கோடி. கையில் 900 கோடியே வைத்திருந்த நிறுவனம் 6,200 கோடிக்கு எப்படி வாங்க முடியும் என்ற தம்பியின் சந்தேகமும் இங்கே தீர்ந்தது. 100 கோடியை மாதத் தொடக்கத்தில் ஒரு லிக்விட் ஃபண்டில் (மிகக் குறுகிய காலப் பத்திரங்களை வாங்கும் மியூச்சுவல் ஃபண்டு) போட்டு, மாதக் கடைசியில் சம்பளத்துக்கும், தோண்டிய கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கும் எடுத்து, மறு மாதம் மறுபடி போட்டால், ஆண்டு முடிவில் வாங்கியது 1,200 கோடி, விற்றது 1,200 கோடி என்று அறிக்கையில் நிற்கும். வந்ததும் போனதும் தனித்தனியாக மொத்தத் தொகையில் காட்டப்படுகின்றன. வேகமாகச் சுழலும் குறுகிய காலத் தொகைகளை நிகரமாகக் காட்ட இந்தியக் கணக்கியல் தரநிலை இண்ட் ஏஎஸ் 7 அனுமதிக்கிறது, பல நிறுவனங்கள் அப்படிக் காட்டவும் செய்கின்றன. அதனால் இரண்டு சுரங்க நிறுவனங்களின் இந்த வரியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம் ரொக்கம் 300 கோடியாகக் குறைந்தது. இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அந்தத் தரநிலைப்படி ரொக்கத்துக்கு நிகரானது என்றால், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முதிர்வதாகவும் மதிப்பு பெரிதாக மாறாததாகவும் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட, ஓராண்டுக்கு உட்பட்ட வங்கி டெபாசிட் ‘பிற வங்கி இருப்பு’ என்ற தனி வரிக்குப் போய்விடும். மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டை அடுத்த வேலை நாளில் பணமாக்கலாம் என்றாலும், இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் அதை ‘நடப்பு முதலீடுகள்’ என்றுதான் காட்டுகின்றன. அதே பணம் நடப்புக் கணக்கிலிருந்து லிக்விட் ஃபண்டுக்கு மாறினால் ‘ரொக்கம்’ குறையும், ‘முதலீடு’ கூடும். ஆற்றுத் தண்ணீரை மதகு திறந்து வாய்க்காலில் விட்டால் ஆற்றில் குறையும், ஊரில் குறையாது என்றார் தம்பி. அதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஆண்டு முழுவதற்குமான வரவு செலவை வாத்தியார் ஒரு தாளில் தன் கையாலேயே எழுதினார். தொழிலிலிருந்து வந்தது 1,500 கோடி. இயந்திரம், சுரங்க மேம்பாட்டுக்குச் செலவு 600 கோடி. முதலீட்டுக்கு நிகரமாக 1,100 கோடி. கடனாகக் கொடுத்தது நிகரமாக 250 கோடி. வட்டி வரவு 100 கோடி. டிவிடெண்ட் 250 கோடி. கூட்டிக் கழித்தால் 600 கோடி குறைவு, 900 போய் 300. கணக்கு நேராக நின்றது.

பிறகு, ஆண்டு இறுதியில் என்ன சொத்து, என்ன கடன் என்று காட்டும் இருப்புநிலைக் குறிப்புக்குப் போனோம். நடப்பு முதலீடுகள் முந்தைய ஆண்டு 1,400 கோடி, இந்த ஆண்டு 2,550 கோடி (புதிதாகப் போட்ட 1,100 கோடிக்கு மேல் உள்ளது முதலீட்டின் மதிப்பு ஏறியது). ரொக்கத்தையும் சேர்த்தால் 2,300 கோடியாக இருந்தது 2,850 கோடியாகக் கூடியிருக்கிறது. படம் சொன்னதற்கு நேர் எதிர்.

தம்பியின் முகம் தெளிந்தது. வாத்தியார் மட்டும் பேனாவை மூடவில்லை. “இந்த 250 யாருக்குக் கொடுத்தாங்க?” என்று கேட்டார். அன்றைய பேச்சிலேயே அதுதான் சரியான கேள்வி. முடிவுகளில் ‘கடன்கள்’ என்று ஒற்றைச் சொல்தான் இருந்தது. இருப்புநிலைக் குறிப்பிலும் ‘நடப்புக் கடன்கள்’ (நிறுவனம் குறுகிய காலத்துக்குக் கொடுத்த கடன்கள்) 400 கோடியிலிருந்து 650 கோடியாகக் கூடியிருந்தது, விவரம் இல்லை. காலாண்டு, ஆண்டு முடிவுகளோடு குறிப்புகள் முழுமையாக வருவதில்லை. ஆண்டறிக்கையில்தான் வரும், அதற்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தார்.

சுரங்க நிறுவனம் ஏன் இவ்வளவு பணத்தைக் குறுகிய கால முதலீட்டில் வைக்கிறது

பணம் தொலையவில்லை என்று தெரிந்தாயிற்று. ஏன் அதை வெறுமனே வைத்திருக்கிறார்கள், பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிடலாமே என்ற கேள்வி அடுத்து வந்தது. இதற்கு அந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது.

கனிமத்தின் விலையைத் தோண்டுபவர் தீர்மானிப்பதில்லை, உலகச் சந்தை தீர்மானிக்கிறது. விலை பாதியாக இறங்கிய ஆண்டிலும் கூலி, டீசல், ராயல்டி எதுவும் நிற்காது. திறந்தவெளிச் சுரங்கங்களில் மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் தேங்கி உற்பத்தி குறையும். 2015இல் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு புதிய குத்தகை ஏலத்தில்தான் கிடைக்கிறது. ஏலத்தில் ஜெயித்தால் முன்பணத்தைப் பெரிய தொகையாகக் கட்ட வேண்டும். ராயல்டிக்கு மேல் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும், அப்போது தேசியக் கனிம ஆய்வு அறக்கட்டளை என்ற பெயரில் இருந்த அமைப்புக்கும் பங்கு போகிறது. 2015 ஜனவரி 12க்கு முன் கிடைத்த குத்தகை என்றால் மாவட்ட அறக்கட்டளைக்கு ராயல்டியில் 30 சதவீதம், ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதவீதம். தோண்டி முடித்த குழியை மூடிச் சீர்செய்யும் பொறுப்பும் பின்னால் காத்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட அந்த ஆண்டுக்கே உரிய ஒரு காரணம் இருந்தது. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரி ஆகாது என்றும் கனிம உரிமைகள் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 14 அன்று, 2005 ஏப்ரல் 1 முதலான காலத்துக்கும் மாநிலங்கள் வரி கேட்கலாம், நிறுவனங்கள் அதை 2026 ஏப்ரல் 1 முதல் 12 ஆண்டுகளில் தவணையாகக் கட்டலாம் என்று சொன்னது. எந்த மாநிலம் எவ்வளவு கேட்கும் என்று தெரியாத நிலையில், ஒரு சுரங்க நிறுவனம் கையில் எளிதில் எடுக்கக்கூடிய பணத்தைச் சேர்த்து வைப்பது விவேகம்தான். இந்த நிறுவனத்தின் முடிவுகளிலேயே அந்தத் தீர்ப்பு பற்றி ஒரு பத்தி இருந்தது. அதைப் படித்தபோதுதான் வாத்தியாருக்கு 2,850 கோடி முழுவதும் பங்குதாரர்களுடையது இல்லை, அதன் மேல் இன்னும் தொகை தெரியாத உரிமைகள் நிற்கின்றன என்பது உறைத்தது. நானும் அதைத்தான் சொல்ல விரும்பினேன். பணம் குறைந்ததா கூடியதா என்பதோடு கேள்வி நிற்காது. எதில் இருக்கிறது, அதன் மேல் யாருக்கெல்லாம் பாத்தியதை இருக்கிறது என்று பார்க்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

ஜூன் முதல் வாரத்தில் எடுத்த முடிவு

மூன்று வழிகள் முன்னால் இருந்தன: எல்லாவற்றையும் விற்பது, எதையும் தொடாமல் இருப்பது, தேவைக்கு மட்டும் விற்றுவிட்டு ஆண்டறிக்கை வரும்வரை காத்திருப்பது. தம்பிக்கு மூன்றாவதைச் சொன்னேன்.

காரணம் அவருடைய நகைக் கடன். அதற்கு ஓடிக்கொண்டிருந்த வட்டி, அவர் பங்குகளில் வந்த டிவிடெண்டைவிட அதிகம். குறுவைச் செலவுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் எடுக்கலாம், கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. அதனால் சாகுபடிக்குச் சங்கக் கடன், நகையை மீட்கப் பங்கு விற்பனை என்று பிரித்தோம். தன்னிடம் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கை விற்றார். பங்குச் சந்தையில் இப்போது விற்ற மறுநாளே பணம் கணக்குக்கு வந்துவிடுகிறது. அவருக்குக் கிடைத்த நீண்ட கால ஆதாயம் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் என்ற விலக்கு வரம்புக்குள் இருந்ததால் வரியும் இல்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது. அதற்கு முன்பே நகை வீட்டுக்கு வந்துவிட்டது.

வாத்தியார் அப்போது எதையும் விற்கவில்லை. அவசரத் தேவை எதுவும் அவருக்கு இல்லை. கேள்விக்குறி போட்ட அந்த ஒரு வரிக்கு ஆண்டறிக்கையில் பதில் வரட்டும் என்று காத்திருந்தார்.

ஆகஸ்ட்: ஆண்டறிக்கையின் குறிப்புகள்

முந்நூறு பக்கத்துக்கு மேல் போகும் புத்தகம். நாங்கள் படித்தது நான்கு இடம்தான்.

முதலில் நடப்பு முதலீடுகள் பற்றிய குறிப்பு. ஒவ்வொரு ஃபண்டின் பெயரும் தொகையும் இருந்தது. பெரும்பகுதி ஓவர்நைட் ஃபண்டும் (ஒரே நாளில் முதிரும் பத்திரங்களை வாங்குவது) லிக்விட் ஃபண்டும், கொஞ்சம் அரசின் ட்ரெஷரி பில் (குறுகிய காலக் கடன் பத்திரம்). லிக்விட் ஃபண்ட் 91 நாட்களுக்குள் முதிரும் பத்திரங்களை மட்டுமே வாங்கலாம். இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2018 செப்டம்பரில் உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு நிதி கொடுத்து வந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியபோது, அதன் பத்திரங்களை வைத்திருந்த லிக்விட் ஃபண்டுகளே அடி வாங்கின. அதன் பிறகுதான் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, இத்தகைய ஃபண்டுகள் குறைந்தது 20 சதவீதத்தை ரொக்கம், அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைக்க வேண்டும் என்று விதித்தது. இந்த நிறுவனம் பல ஃபண்ட் நிறுவனங்களில் பிரித்துப் போட்டிருந்தது, எதுவும் அளவுக்கு மீறி ஒரே இடத்தில் இல்லை. சிவப்பு வட்டம் போட்ட வரியில் பயப்பட ஒன்றுமில்லை என்று இங்கே உறுதியாயிற்று.

அடுத்து நடப்புக் கடன்கள் பற்றிய குறிப்பு. 650 கோடியில் 600 கோடி, தொடர்புடைய தரப்பினருக்கு (நிறுவனத்தை நடத்துபவர்களோடு சம்பந்தப்பட்டவர்களுக்கு) கொடுத்த இன்டர்கார்ப்பரேட் டெபாசிட், அதாவது ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் கடன். ஈடு எதுவும் இல்லை. மூன்றாவதாக, தொடர்புடைய தரப்பினர் பட்டியல். கடன் வாங்கியது நிறுவனரின் குடும்பக் கட்டுப்பாட்டில் உள்ள, சுரங்கத்தோடு சம்பந்தமே இல்லாத வேறு தொழில் செய்யும் நிறுவனம்.

நான்காவது, தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பு. இதை யாரும் படிப்பதில்லை, படிக்க வேண்டிய பக்கம் இதுதான். கேரோ 2020 என்று சுருக்கமாகச் சொல்லப்படும், தணிக்கையாளர் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆணையின் மூன்றாவது பிரிவு, நிறுவனம் கொடுத்த கடன்களைப் பற்றியது. கெடு முடிந்த கடனைப் புதுப்பித்தார்களா, நீட்டித்தார்களா, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கொடுத்தார்களா என்பதைத் தணிக்கையாளர் தொகையோடு சொல்ல வேண்டும். தவணை எதுவும் குறிக்காமல், கேட்டால் தர வேண்டும் என்ற நிபந்தனையில் கொடுத்த கடன் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே தணிக்கையாளர் தெளிவாகவே எழுதியிருந்தார்: ஆண்டுக்குள் கெடு முடிந்த டெபாசிட்டுகளில் பெரும்பகுதி, அதே தரப்புக்கு மறுபடி நீட்டிக்கப்பட்டது.

அதாவது ‘குறுகிய காலம்’ என்று தலைப்பில் இருந்தது, நடப்பில் ஆண்டுக்கணக்கில் திரும்பாத பணம். எல்லோரும் பயந்த 6,200 கோடியில் குறை இல்லை. யாரும் வட்டம் போடாத 250 கோடி வரிதான் கவனிக்கப்பட வேண்டியது.

இதில் சட்ட மீறல் இருந்ததாக நான் சொல்லவில்லை. நிறுவனங்கள் சட்டத்தின் 186ஆவது பிரிவுப்படி, கடனுக்கான வட்டி அதே கால அளவுள்ள அரசுப் பத்திரத்தின் வருமானத்துக்குக் குறையக் கூடாது. அறிக்கையில் சொல்லப்பட்ட வட்டி அதைவிடக் கூடுதலாகவே இருந்தது. தணிக்கைக் குழுவின் ஒப்புதலும் பதிவாகியிருந்தது. ஆனால் காகிதத்தில் கூடுதல் வட்டி இருப்பதும் அந்த வட்டி கைக்கு வருவதும் வேறு வேறு. வர வேண்டிய வட்டி என்ற தலைப்பில் முந்தைய ஆண்டைவிடத் தொகை கூடியிருந்தது. நாளைக்கு வேண்டுமென்றால் நாளைக்கே எடுக்கக்கூடிய ஃபண்டில் போடத் தெரிந்த நிறுவனம், ஈடில்லாமல் குடும்ப நிறுவனத்துக்கு ஏன் கொடுக்கிறது? சிறு பங்குதாரருக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு.

செப்டம்பர்: கேள்வி கேட்டது

ஆண்டுப் பொதுக்கூட்டம் காணொலியில் நடந்தது. பேச விரும்பும் பங்குதாரர்கள் முன்கூட்டியே மின்னஞ்சலில் பதிவு செய்ய வேண்டும். வாத்தியார் பதிவு செய்தார். கேள்வியை அவரே எழுதினார், நான் நீளத்தை மட்டும் குறைத்தேன். நீட்டிக்கப்பட்ட டெபாசிட்டில் கடந்த ஆண்டு ரொக்கமாகத் திரும்பியது எவ்வளவு? வர வேண்டிய வட்டி எப்போது வரும்? மீதித் தொகைக்கு ஈடு வாங்கும் எண்ணம் உண்டா? எந்த வரியிலும் குற்றச்சாட்டு இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆண்டறிக்கையின் பக்க எண்ணைக் குறிப்பிட்டிருந்தார்.

என் அலுவலகக் கணினி முன்னால் வெள்ளை வேட்டி சட்டையில் உட்கார்ந்து தமிழில் பேச அனுமதி கேட்டார். கிடைத்தது. பேசி முடித்தபோது கை லேசாக நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. தலைவர் பொதுவாகத்தான் பதில் சொன்னார்: எல்லாம் சந்தை நிபந்தனைகளின்படி, தணிக்கைக் குழுவின் ஒப்புதலோடு நடந்தது. வாத்தியாருக்கு ஏமாற்றம். ஆனால் சில நாட்கள் கழித்து நிறுவனச் செயலரிடமிருந்து எழுத்தில் பதில் வந்தது. ஒரு பகுதி அந்த மாதக் கடைசிக்குள் திருப்பப்படும், மீதி அடுத்த நிதியாண்டில் என்று அதில் இருந்தது. ஈடு பற்றிய கேள்விக்குப் பதில் இல்லை.

அந்த விடுபட்ட பதிலை நான் முக்கியமாக எடுத்துக்கொண்டேன். கேட்ட மூன்றில் இரண்டுக்குப் பதில் எழுதியவர்கள் மூன்றாவதைத் தற்செயலாக விட்டிருக்க மாட்டார்கள்.

நவம்பர்: நடந்தது

செப்டம்பர் 30 வரையிலான அரையாண்டு முடிவுகள் நவம்பரில் வந்தன. அரையாண்டு முடிவுகளோடு இருப்புநிலைக் குறிப்பும் பணப்பாய்வு அறிக்கையும் வரும் என்பதால் சரிபார்க்க முடிந்தது. நடப்புக் கடன்கள் 650 கோடியிலிருந்து 520 கோடியாகக் குறைந்திருந்தது. எழுத்தில் சொன்ன அளவுக்கு ஏறக்குறைய நடந்திருக்கிறது. நடப்பு முதலீடுகள் கொஞ்சம் குறைந்து இயந்திரச் செலவு கூடியிருந்தது, அதில் கேள்வி எழவில்லை.

இதை வைத்து வாத்தியார் முடிவெடுத்தார். தன் பங்குகளில் பாதியை விற்பது, ஆதாய வரியைக் குறைக்க ஒரு பகுதியை இந்த நிதியாண்டிலும் மீதியை அடுத்த நிதியாண்டிலும் விற்பது. வந்த பணத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். அப்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. மறுபாதியை வைத்துக்கொண்டார். நிறுவனத்தின் தொழில் நன்றாகத்தான் நடக்கிறது, கேட்டால் பதில் வருகிறது, பணம் ஓரளவு திரும்புகிறது என்பது அவர் கணிப்பு. விற்றதற்கு அந்த டெபாசிட் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஓய்வுக்காலப் பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்தில் இருந்தது. அந்த நிறுவனம் மாசுமருவற்றதாக இருந்தாலும் அந்த அளவு அதிகம்தான்.

தம்பி தன்னிடம் மீதியிருந்ததைக் குறுவை அறுவடைக்குப் பிறகு முழுதாக விற்றார். இது பயத்தில் எடுத்த முடிவில்லை. வடசேரி விஷயம் அவர் மனதில் கிடந்துகொண்டே இருந்தது, அதற்காகத்தான் விற்றார். அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை.

அதன்பின் பங்கு விலை ஏறியதா இறங்கியதா என்று இங்கே எழுதவில்லை. அதை வைத்து இந்த முடிவுகளை எடை போடுவது சரியில்லை.

இனி மாற்றிச் செய்வது

இந்த விவகாரத்துக்குப் பிறகு, பங்கு வைத்திருக்கும் குடும்பங்களுக்குச் சில நடைமுறைகளை ஏற்படுத்தியிருக்கிறேன். மே மாத முடிவுகளை மட்டும் வைத்து, உடனடித் தேவை இருந்தாலொழிய, விற்கவோ வாங்கவோ வேண்டாம். பதிலாக, அந்த முடிவுகளிலிருந்து கேள்விகளை எழுதி வைத்து, ஆண்டறிக்கை வந்ததும் குறிப்புகளில் பதில் தேட வேண்டும். பணப்பாய்வு அறிக்கையில் வாங்கியதையும் விற்றதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ரொக்கம், பிற வங்கி இருப்பு, நடப்பு முதலீடு மூன்றையும் ஒன்றாகக் கூட்டி, மூன்று ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பிற வங்கி இருப்பில் சுரங்கம் மூடுவதற்கென ஒதுக்கியதோ வங்கி உத்தரவாதத்துக்குப் பிணையாக வைத்ததோ இருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும், அது கைக்கு வரும் பணம் இல்லை. கடன்கள் என்ற வரி கூடியிருந்தால் நேராகத் தொடர்புடைய தரப்பினர் பட்டியலுக்கும் தணிக்கையாளர் இணைப்புக்கும் போக வேண்டும்.

படம் அனுப்பிய தம்பி மகனை யாரும் திட்டவில்லை. அக்கறையில்தான் அனுப்பினார். ஆனால் குடும்பக் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கணக்கின் துண்டுப் படம் எது வந்தாலும், முழுப் பக்கத்தையும் அனுப்பு என்று வாத்தியார் கேட்கிறார். அவரே இறக்கிப் பார்த்துவிட்டுச் சந்தேகம் இருந்தால் மட்டும் என்னிடம் வருகிறார். 2026 மே மாதத்துக்கென்று அவர் முன்கூட்டியே எழுதி வைத்த முதல் கேள்வி, அந்த 520 கோடி எவ்வளவாகக் குறைந்தது என்பது. இரண்டாவது, 2026 ஏப்ரலில் தொடங்கும் பழைய கனிம வரித் தவணைக்கு நிறுவனம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்பது.